வெளியே வாங்கவும்

அன்றைக்கு மத்தியானம் அந்த மாடி அறையில் இருந்தவர்கள்: வெட்டு மேஜைக்குப் பின்னால் மாஸ்டர். ஜன்னலோரம் மடிக்கணினியும் தானுமாக அவள் புருஷன். துணியோரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் அவள் நாத்தனார். மூலை மெஷினில் பாபின். ஐந்தாவதாக ஒருத்தி போனில் வரவேண்டியிருந்தது. இன்னும் வரவில்லை. மழை மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது.

மாஸ்டர் என்றதும் ஆம்பளை என்று நினைத்துக்கொண்டு படியேறி வருகிறவர்கள் உண்டு. வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "மாஸ்டர் இல்லீங்களா?" என்பார்கள். "நான்தான். கையைத் தூக்குங்க" என்று அளவுநாடாவோடு வருவாள். துணி வெட்டுகிறவர்தான் மாஸ்டர். அதில் ஆண் பெண் கிடையாது. அவள் கத்தரி வைத்தால் வைத்ததுதான். சாக்குக்கட்டியால் ஒரு கோடு, அதன்மேல் ஒரே ஓட்டம். திருத்திக் கோடு போட்டு யாரும் பார்த்ததில்லை.

கீழே டயர் கடை. சூடேறிய ரப்பர் வாசனை எப்போதும் படிவழியாக ஏறி வந்து புதுத்துணியில் உட்காரும். மேலே தகரக் கூரை. மழைக்காலத்தில் அதன் சத்தத்தில் நாலு மெஷினும் ஓடுகிறதா நிற்கிறதா என்று காலால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாஸ்டருடைய மெஷின்கள். இடம் அவள் பெயரில் வாடகை, கரண்ட் அவளுடையது, நூல் அவளுடையது, ஆர்டர் பிடிப்பதும் அவள்தான். தைக்கிறவர்களுக்குத் தையல் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு பங்கு மாஸ்டருக்கு. நாத்தனாருக்குக் கணக்குக் கிடையாது, அவள் வீட்டோடு இருக்கிறவள். அப்படியாகப் பங்கு கொடுத்துத் தைக்கிறவள் இப்போது பாபின் ஒருத்திதான். மற்ற இருவரும் போன மழைக்கே நின்றுவிட்டார்கள். ஆயத்த உடை விற்கும் பெரிய கடைகள் வந்தபிறகு அளவு கொடுத்துத் தைக்கிறவர்கள் யார்? கல்யாணத்துக்கு ஒரு தரம், வேலைக்குச் சேர்ந்தால் சீருடைக்கு ஒரு தரம். அவ்வளவுதான்.

பாபின் என்பது அவள் பெயர் இல்லை; மெஷினில் அடிநூலைச் சுற்றிவைக்கும் சின்ன உருளையின் பெயர். ஆள் சின்னவள், உருண்டை, ஓரிடத்தில் சுற்றிக்கொண்டே இருப்பாள் என்று நாத்தனார் வைத்த பெயர். அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. காலையில் வந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து உட்கார்ந்தால், பன்னும் தேநீரும் வரும்போதுதான் நிமிர்வாள்.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. ஊசியை எப்படிப் பிடிப்பது, துணியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை வாயால் சொல்லியே புரியவைத்துவிடுவாள். நன்றாகத் தைக்கிறவர்கள் ஏராளம். கேட்டால் "இப்படித்தான்" என்று தைத்துக் காட்டுவார்கள். பாபின் சொல்வாள்.

புருஷன் கணினியில் நிரல் எழுதுகிற ஆள். ஒரு காலையில் அவன் வேலை பார்த்த அலுவலகமே மொத்தமாக இல்லாமல் போனது. வேலை தேடி அலுத்து, வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று தையல் அறைக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஒருநாள் பாபின் ஒரு வாடிக்கையாளருக்குப் போனில் கைக்குழி வெட்டுவதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். மறுநாள் மாஸ்டரிடம், "உன் வரைபடமும் அவள் வாயும் இருந்தா நான் ஒண்ணு பண்ணுவேன்" என்றான்.

பண்ணினான். 'அளவு' என்று அந்தச் செயலிக்குப் பெயர். உடம்பின் அளவைப் போட்டால் அந்த உடம்புக்கு வெட்டுப்படம் வரும். படத்துக்குக் கீழே ஒவ்வொரு தையலாகப் பாபின் சொன்ன வாக்கியங்கள். சில படங்களை மாஸ்டர் வரைந்தாள், சிலவற்றைப் பாபின். யார் வரைந்தார்களோ அவர்கள் பெயர் படத்தின் அடியில் இருக்கும், அது விற்றதில் அவர்களுக்கு ஒரு பங்கும் உண்டு. 'வரைந்தவர்: பாபின்' என்று போன் திரையில் முதல்முதலில் பார்த்தபோது அவள், "என்ன சார், என்னைப் போய் அச்சுல போட்டுட்டீங்க" என்று கேட்டுவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஆச்சரியம் என்னவென்றால் அது விற்றது. எங்கெங்கோ இருக்கும் தையல்காரர்கள், வீட்டில் தைக்கிற பெண்கள், கடல்தாண்டிப் போனவர்கள் என்று வாங்கினார்கள். கொஞ்ச நாளில் நாலு மெஷினும் சேர்ந்து சம்பாதிப்பதைவிட அந்தச் செயலி அதிகம் சம்பாதித்தது. அறை வாடகையே அதிலிருந்துதான் போனது. செயலிகளை விற்கும் கடை மட்டும், விற்கிற ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு முப்பதைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும். அந்தக் கம்பெனியை இந்த வீட்டில் யாரும் பெயர் சொல்லிச் சொல்வதில்லை. 'கடை' என்பார்கள். கடையில் போட்டாச்சு, கடையில் பிடித்துக்கொண்டார்கள், கடையில் சொல்லுங்க.

போன வாரம் அந்தக் கடை 'அளவு' செயலியைத் தூக்கிவிட்டது.

ஒரு நாள் இருந்தது, மறுநாள் இல்லை. காரணம் என்று வந்தது ஒரே வரி: வாடிக்கையாளர்களை எங்கள் கடைக்கு வெளியே வாங்கும்படி உங்கள் செயலி வழிகாட்டுகிறது.

"ஆப்பு பண்றேன் ஆப்பு பண்றேன்னு சொல்லிட்டே இருந்தான் எங்கண்ணன்" என்றாள் நாத்தனார். "கடைசியில அவனுக்கே வச்சுட்டாங்க."

அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. புருஷன் செயலியின் மூலைமுடுக்கெல்லாம் துருவினான். வெளியே வாங்கு என்று எந்த இடத்திலும் அவன் எழுதவில்லை. அப்படி ஒரு சுட்டி இல்லை, விளம்பரம் இல்லை, போன் நம்பர்கூட இல்லை. சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஆள் காய்ந்த துணி மாதிரி ஆகிவிட்டான்.

கண்டுபிடித்தது பாபின்தான். அதுவும் அன்றைக்குக் காலையில்தான். அவன் வாய்விட்டு ஒவ்வொரு வாக்கியமாகப் படித்துக்கொண்டிருந்தான். சட்டைக் காலர் வந்தது. காலரைத் தைத்துப் புரட்டும்போது முனை மழுங்கிப்போகும். சிலர் கத்தரி நுனியை உள்ளே விட்டுக் குத்துவார்கள், துணி கிழியும். அதற்குப் பதிலாக, தைக்கும்போதே முனையில் ஒரு நூலைப் போட்டுவைத்து, புரட்டியபின் அந்த நூலைப் பிடித்து இழுத்தால் முனை கூராக வந்து நிற்கும். பாபின் அதை இப்படிச் சொல்லியிருந்தாள்: 'உள்ளிருந்து வேண்டாம். நூலை மெதுவாக வெளியே வாங்கவும்.'

"சார், நிறுத்துங்க" என்றாள் பாபின். "அதைத் திரும்பப் படிங்க."

படித்தான். பாதியிலேயே அவன் குரல் நின்றது.

"மூச்சை உள்ளே வாங்குன்னா மூச்சைக் காசு குடுத்தா வாங்குறோம்?" என்றாள் பாபின். "நூலை வெளியே வாங்குன்னு சொன்னேன். இழுன்னு சொல்லியிருக்கணும். இழுன்னு சொன்னா வெடுக்குனு இழுத்துடுவாங்களேன்னுதான் வாங்குன்னு சொன்னேன்."

"அவங்க மெஷின் படிச்சிருக்கு" என்றான் அவன். "இங்க வேண்டாம், வெளியே போய் வாங்குன்னு."

நாத்தனார் ஓவர்லாக்கின்மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். மாஸ்டரும் சிரித்தாள். அவனுக்குச் சிரிக்கும்போதே கண் கலங்கியது. உடனே கடைக்கு எழுதிப் போட்டான். மத்தியானம் எங்கள் ஆள் ஒருவர் உங்கள் மொழியிலேயே கூப்பிட்டுப் பேசுவார் என்று பதில் வந்தது. அந்த போனுக்காகத்தான் இப்போது நாலு பேரும் காத்திருந்தார்கள்.

சோறும் அவித்த முட்டையும் வந்து இறங்கின. மேஜையில் துணியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் பேச்சு எங்கே போகும்? போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிற்று.

"திரும்பி வந்ததும் முதல் காரியமா அந்த வரியை மாத்துங்க" என்றாள் மாஸ்டர். "அப்புறம் அவங்க ஆளு பேசும்போது கேளுங்க. நூத்துக்கு முப்பது எந்த ஊரு நியாயம்னு."

"கேக்கிற நேரமா இது?"

"எப்பதான் நேரம்?"

"இங்க பாரு. நம்மளை யாருக்குத் தெரியும்? கடல்தாண்டி இருக்கிற ஒருத்தி ராத்திரி படுத்துக்கிட்டே பாவாடைக்குப் படம் வாங்குறா. அவ காசு நம்மகிட்ட வந்து சேருது. அவ ஊரு வரியை அவங்க கட்டுறாங்க. பிடிக்கலேன்னா காசைத் திருப்பிக் குடுக்குறாங்க. இதெல்லாம் நீ பண்ணுவியா? நான்தான் பண்ணுவேனா?"

"முதல் தரம் சரி" என்றாள் மாஸ்டர். முட்டையை நூலால் அறுத்து நாலாக்கினாள். "முதல் தரம் ஆளைக் கூட்டிட்டு வந்து விட்டாங்க. எடுத்துக்கட்டும். அதே ஆளு பத்தாந்தரம் வர்றா. நம்மளைத் தேடி வர்றா. சந்தேகம்னா பாபின் நம்பரைப் பிடிச்சுக் கேக்குறா. பாபின் பதில் சொல்றா, கடை சொல்லலை. அப்பவும் முப்பதா? ஒரு தரம் வழி காட்டினவனுக்கு ஆயுசு பூராவும் சுங்கமா?"

"வாசல் அவங்களது."

"வாசல்ல நிக்கிறதுக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு வாங்கட்டும். தைக்கிற ஒவ்வொரு சட்டையிலயும் ஒரு கை எனக்குன்னா?"

நாத்தனார் சோற்றை உருட்டியபடியே சொன்னாள்: "அண்ணி, கோச்சுக்காதீங்க. பாபின் தைக்கிற ஒவ்வொரு சட்டையிலயும் நீங்க எடுக்கிறது என்ன? முதுகா?"

பாபின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணுல ஒண்ணு" என்றாள் மாஸ்டர். குரலில் மாற்றம் இல்லை. "முப்பதுக்கும் மேலதான். நான் மறைக்கலையே. ஆனா இதைக் கேளு. இதே தெருவுல ஏழெட்டு தையல் ரூம் இருக்கு. என் பங்கு பிடிக்கலேன்னா பாபின் நாளைக்கே இறங்கிப் போகலாம். போனா என்னைவிட ரெண்டு குறைச்சு எடுக்கிறவங்க இருப்பாங்க. அந்த பயத்துலதான் நானும் மூணுல ஒண்ணோட நிக்கிறேன். எனக்கு எங்க போக இருக்கு? ஒரே கடை. இன்னொண்ணு இருக்குன்னு சொல்றாரு உங்கண்ணன், அங்கயும் இதே முப்பது. ரெண்டு பேரும் பேசிவச்ச மாதிரி."

"பேசிவச்சுக்கிட்டது இல்ல..." என்று புருஷன் ஆரம்பித்தான்.

"எதுவோ. பாபின், நீ சொல்லு. நான் எடுக்கிறது அநியாயமா?"

பாபின் நிமிர்ந்தாள். "நூல் நல்ல நூல் போடுறீங்க மாஸ்டர்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பதில்தான் சொன்னேன்" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதில் புருஷனுக்கும் நாத்தனாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. மாஸ்டருக்கும் பாபினுக்கும் மட்டும் தெரிந்தது. நாலைந்து மாதமாகப் பழைய வாடிக்கைக்காரிகள் சந்தேகம் கேட்டு போன் செய்யும்போது, பாபின் அவர்களிடம் செயலியில் வாங்க வேண்டாம், எனக்கு நேராகப் பணம் அனுப்புங்கள், படத்தை நானே அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொன்னது மாஸ்டர். "பழைய ஆளுங்களுக்கு மட்டும்" என்றாள். "அவங்களுக்கும் விலை குறையும், நமக்கும் நிக்கும்." பாபின், "சாருக்கு?" என்று கேட்டாள். "சார் விதி, கையெழுத்துன்னு பேசுவாரு. அவருக்கு வேண்டாம்." வந்த பணத்தை இருவரும் பாதிப்பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாதியில்தான் மாஸ்டர் போன மாதம் வீட்டுச் சமையலையே நடத்தினாள்.

ஆக, காலையில் எல்லோரும் சிரித்தபோது அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. செய்யாத குற்றத்துக்குப் பிடித்திருக்கிறார்கள். செய்தது கடைக்குத் தெரியாது. இதைவிட நல்ல சகுனம் வேறென்ன வேண்டும் என்றுதான் மாஸ்டர் நினைத்தாள்.

போன் வந்தது. புருஷன் அதை வெட்டு மேஜையின் நடுவில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டான். நாத்தனார் மெஷினை அணைத்தாள்.

"வணக்கம்ங்க. 'அளவு' செயலி சம்பந்தமா பேசுறேன்." சின்ன வயதுக் குரல். பின்னால் இன்னும் பல குரல்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன; பெரிய அறையில் பலர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல். "நீங்க எழுதினதைப் பார்த்தேன். காலர் முனை. எங்கம்மாவும் தைப்பாங்க சார். படிச்சதும் எனக்குச் சிரிப்பு தாங்கல. வெளியே வாங்கவும்!"

நாலு பேர் முகத்திலும் உயிர் வந்தது.

"அது மெஷின் பண்ண தப்புதான். நான் எழுதிட்டேன். அந்தக் காரணம் போயிடுச்சு" என்றாள் அவள்.

"ரொம்ப நன்றிங்க" என்றான் அவன். எழுந்தே நின்றுவிட்டான்.

"ஒரு நிமிஷம்மா" என்று மாஸ்டர் முன்னால் குனிந்தாள். புருஷன் கையைக் காட்டித் தடுத்தான். அவள் பார்க்கவில்லை. "நான் இந்தப் படமெல்லாம் வரையிறவ. ஒண்ணு கேக்கணும். நூத்துக்கு முப்பது எடுக்குறீங்களே, அது நியாயமாம்மா?"

போனில் ஒரு மூச்சு வந்துபோனது. "அந்தக் கேள்வி என் மேஜைக்கு வராதுங்க மேடம்."

"உங்க சம்பளம் அதுலேர்ந்துதானே வருது?"

"என் சம்பளத்தைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. எனக்கு இந்த போனுக்கு இவ்வளவுன்னு கூலி." பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "மேடம், இன்னும் ஒரு விஷயம் இருக்கு. உங்க கோப்பைத் திறந்து பார்த்தப்ப இது கீழே இருந்துச்சு. மூணு நாள் முன்னாடி வந்த புகார். ஒரு கஸ்டமர், சட்டைக்கை படம் அளவு தப்பா வந்திருக்கு, காசைத் திருப்பிக் கேக்குறாங்க. எங்ககிட்ட அவங்க வாங்கின பதிவே இல்ல. கேட்டா, தங்களுக்கு வந்த குரல் பதிவுன்னு ஒண்ணை இணைச்சிருக்காங்க. போடுறேன், கேளுங்க."

மழை கொஞ்சம் விட்டிருந்தது. அதனால் தெளிவாகவே கேட்டது.

'அதுல வாங்காதீங்கக்கா. அதுல முப்பது போயிடும். எனக்கு அனுப்பிடுங்க, படத்தை நான் நேரா அனுப்புறேன். கைக்குச் சுருக்கு வைக்கும்போது நடுவுல மட்டும் வைங்க, பக்கத்துல வேண்டாம்.'

பாபினின் குரல். யாருக்கும் சந்தேகம் வர வழியில்லாத குரல். அந்த வாக்கியங்களையெல்லாம் பேசிய வாய்.

புருஷன் மெதுவாக உட்கார்ந்தான். நாத்தனாரின் கை, அணைத்த மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. பாபின் ஊசித் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

"இது உங்க ஆளா மேடம்?" என்றது போன். "நான் ஏன் கேக்குறேன்னா, நிர்வாகமே சொல்லிச் செஞ்சதுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. கணக்கை நிரந்தரமா மூடிடுவாங்க. இன்னொரு பேர்ல வந்தாலும் எடுத்துக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாம ஒரு ஊழியர் பண்ணியிருந்தா, அவங்களை நீக்கியிருந்தா, அதுக்குப் படிவத்துல தனிக் கட்டம் இருக்கு. அதுல போட்டா இன்னிக்கே திறந்துடும்." கொஞ்சம் நிறுத்தினாள். "எது உண்மையோ அதைச் சொல்லுங்க. நான் அதைத்தான் எழுத முடியும்."

அந்தப் பெண் உதவிதான் செய்தாள். எந்தக் கட்டம் திறக்கும், எந்தக் கட்டம் மூடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அதற்குமேல் ஒரு கூலிக்காரி என்ன செய்ய முடியும்?

மாஸ்டர் வெட்டு மேஜையில் இரண்டு கையையும் ஊன்றியிருந்தாள். கைக்குக் கீழே ஒரு சீருடைத் துணி. அதில் போட்ட கோடு பாதியில் நின்றிருந்தது. கணக்கை மூடினால் அறை போகும். மெஷின்களை விற்கலாம், நாலு பழைய மெஷினை யார் எடுப்பார்கள்? புருஷன் திரும்பவும் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பான். அவன் சுவரைப் பார்த்த நாட்கள் அவளுக்குத் தெரியும். மறுபடி ஒரு தரம் அவளால் முடியாது. இதெல்லாம் உண்மை. அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்தது தன் குரல் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே துணியின் இரண்டு பக்கம் இல்லை. இரண்டு தனித்தனித் துணி. ஒன்றைத்தான் வெட்ட முடியும்.

அவள் பாபினைப் பார்த்தாள். பாபின் நிமிரவில்லை. நிமிர்ந்து ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஆட்டவில்லை. ஏன் ஆட்ட வேண்டும்?

"எங்க ஆளா இருந்தவதான்" என்றாள் மாஸ்டர். "எங்களுக்குத் தெரியாது. இப்ப எங்ககிட்ட இல்ல."

"நீக்கிட்டீங்க?"

"நீக்கிட்டோம்."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "சரிங்க மேடம். போட்டுட்டேன். ரெண்டு நிபந்தனை வரும், அதையும் சொல்லிடுறேன். அவங்க பேரு செயலியில எங்கேயும் இருக்கக் கூடாது. உங்க கணக்கிலேர்ந்து அவங்களுக்குப் பணம் போகக் கூடாது. போனா திரும்ப மூடும், அப்ப நான் இருக்க மாட்டேன். படங்கள் இருக்கலாம், அதுல பிரச்சினை இல்ல."

"படங்கள் இருக்கலாம்" என்று மாஸ்டர் திருப்பிச் சொன்னாள்.

"ஆமாங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

போன் அணைந்தபின் முதலில் கேட்ட சத்தம் பாபினின் மெஷின். அவள் பாதியில் விட்ட சட்டைக்கையைத் தைத்து முடித்தாள். ஒரே சீராக, கடைசி வரைக்கும். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி, துணியை இழுத்து, நூலை நறுக்கினாள்.

"இது நாளைக்குக் குடுக்க வேண்டியது" என்றாள். "பட்டன் மட்டும் பாக்கி."

"உனக்குத் தெரியுமா?" என்றான் புருஷன். பாபினைக் கேட்கவில்லை. மாஸ்டரைக் கேட்டான்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

"எத்தனை நாளா?"

"நாலஞ்சு மாசம். சமையல் எதுல ஓடுதுன்னு நினைச்சீங்க?"

விதி, கையெழுத்து என்று அவன் ஏதாவது சொல்வான் என்று நாத்தனார் எதிர்பார்த்தாள். அவன் போனைக் கையில் எடுத்தான். அந்த எண் அதில்தான் இருந்தது. கூப்பிட்டு, எது உண்மையோ அதைச் சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆகும். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மேஜையில் குப்புற வைத்துவிட்டான். அவ்வளவுதான் அவனுடைய நேர்மை. மற்றவர்களுடையதைவிடக் குறைவு என்றும் சொல்ல முடியாது.

"அண்ணி, இது நல்லா இல்ல" என்றாள் நாத்தனார். "நான்னு சொல்லியிருக்கலாமே. நான் வீட்டு ஆளு. என்னை நீக்கிட்டோம்னு சொல்லியிருக்கலாம்."

"உன் குரலா அது?"

நாத்தனார் அழ ஆரம்பித்தாள். அவள் அழுதால் சத்தமாக அழுவாள். பாபின்தான் அவளைச் சமாதானப்படுத்தினாள். "விடுங்கக்கா. மெஷின்மேல விழுது. துரு பிடிக்கும்."

மெஷின் இழுப்பறையைத் திறந்து தன்னுடையதை எடுத்தாள். சின்னக் கத்தரி, விரல் உறை, சாக்குக்கட்டி. முக்காலியில் தானே தைத்துப் போட்டிருந்த பஞ்சுத் திண்டை எடுத்து மடித்தாள். ஊசிகள் மாஸ்டருடையவை, அவற்றை வரிசையாகத் துணியில் குத்தி வைத்தாள்.

மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றாள். "ரெண்டு மாசம் போகட்டும். சூடு ஆறினதும் வா. நான் கூப்பிடுறேன்."

"எந்தப் பேர்ல வர்றது?"

"உன் படத்துக்கு உண்டானது உன் கைக்கு வந்துடும். கணக்குல போகாது. நான் கொண்டுவந்து குடுப்பேன்."

"குடுப்பீங்க" என்றாள் பாபின். நம்பிச் சொன்னாளா, நம்பாமல் சொன்னாளா என்று தெரியவில்லை. "முதல் மாசம் குடுப்பீங்க. ரெண்டாவது மாசமும் குடுப்பீங்க."

"நீயா இருந்தா என்னடி சொல்லியிருப்ப?"

"இதையேதான் சொல்லியிருப்பேன்."

"பொய்."

"ஆமா, பொய்தான்" என்று பாபின் ஒப்புக்கொண்டாள். முதல்தரமாக நேரே பார்த்தாள். "மாஸ்டர், அவங்க நூத்துக்கு முப்பது எடுத்தாங்க. வாசலுக்குன்னாங்க. நீங்க மூணுல ஒண்ணு எடுத்தீங்க. மெஷினுக்கு, நூலுக்கு. அதெல்லாம் சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் இல்ல. எதுக்கு எடுக்கிறாங்கன்னாவது தெரிஞ்சுது. இன்னிக்கு எடுத்தது எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

மாஸ்டர் பார்வையைத் திருப்பவில்லை. கண் கலங்கவும் இல்லை. அவள் அந்த ஜாதி இல்லை.

"நாங்க மூணு பேரு சாப்பிட" என்றாள்.

"சரி" என்றாள் பாபின். "அப்படிச் சொல்லிட்டா போயிடுச்சு."

செயலியில் பெயர்களை எடுக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அதைச் செய்தான். 'வரைந்தவர்' என்ற வரியையே மொத்தமாக எடுத்துவிட்டான். மாஸ்டருடைய பெயரும் போயிற்று. அது ஒரு நியாயம் என்று அவன் நினைத்திருக்கலாம். காலர் வாக்கியத்தில் 'வெளியே வாங்கவும்' என்பதை 'இழுக்கவும்' என்று மாற்றினான். மெதுவாக என்ற சொல் இருந்தது, அதை அப்படியே விட்டான். சற்று நேரத்தில் மடிக்கணினி ஒரு மணி அடித்தது.

"திறந்துட்டாங்க" என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. படியில் தண்ணீர் இறங்கி டயர் கடை வாசல்வரை ஓடியது. பாபின் திண்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் குடை இல்லை.

"விட்டதும் போயேன்டி" என்றாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒரு பத்து நிமிஷம் ஒதுங்கி நின்னா என்ன?"

"நீக்கின ஆளு மழைக்கு ஒதுங்கினா, அதுக்கும் அவங்க ஒரு கட்டம் வச்சிருப்பாங்கக்கா" என்றாள் பாபின்.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து வந்ததால் விக்கல் மாதிரி கேட்டது. பாபினும் சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"சார், வர்றேன்" என்றாள் பாபின். அவன் ஜன்னலைப் பார்த்தபடியே தலையாட்டினான். "மாஸ்டர், மூலை மெஷினுக்குப் பின்னால பட்டை தேய்ஞ்சிருக்கு. புதுசா உட்கார்றவங்ககிட்டச் சொல்லிடுங்க, மடமடன்னு மிதிக்க வேண்டாம்னு."

இறங்கினாள். படி வழுக்கும் என்று ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்து இறங்கினாள். மாஸ்டர் கதவு நிலையில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் படியில் பாபின் நின்றாள். மழைக்குப் பயந்துதான் நின்றாள் என்று மாஸ்டருக்குத் தெரியும். ஆனாலும் அவள் திரும்பிப் பார்க்கப்போகிறாள் என்று தோன்றியது. பார்த்தால் என்ன சொல்வது என்றும், இந்த மழையில் என்ன சொன்னாலும் கீழே கேட்காது என்றும் தோன்றியது. அறையின் வாசல் பகலில் எப்போதும் திறந்தே கிடக்கும். யார் எப்போது அளவு கொடுக்க வருவார்கள் என்று சொல்ல முடியாது.

மாஸ்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். அது போதாது என்பதுபோல், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் பூட்டையும் பூட்டினாள்.